சிலிண்டர் விலையை 130ஆல் வகுத்துப் பாருங்கள்

காஸ் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: “டீச்சர், இண்டக்‌ஷனுக்கு மாறிரலாமா?” நான் பணகுடிக்காரி, இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். “போன பில்லுல எத்தனை யூனிட் ஓடியிருக்கு, எடுத்துட்டு வாம்மா” என்பதுதான் என் பதில். ஒரு வீட்டுக்கு லாபமாக இருப்பது பக்கத்து வீட்டுக்கு நஷ்டமாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் வழியை எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

காஸைக் கிலோவிலும் கரண்ட்டை யூனிட்டிலும் வாங்குகிறோம். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால், பாத்திரத்துக்குள் எவ்வளவு சூடு போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 180 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. காஸ் அடுப்பில் தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி வீணாவதால் நூற்றுக்கு 60 பங்குதான் சோற்றுக்குப் போகிறது. அதாவது 110 யூனிட் சொச்சம். இண்டக்‌ஷனில் நூற்றுக்கு 85 பங்கு போகும். ஆக, ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் செய்ய சுமார் 130 யூனிட் வேண்டும்.

உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 130ஆல் வகுத்துவிடுங்கள். 900 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 90 காசு வருகிறது. நீங்கள் புதிதாகச் செலவழிக்கப்போகும் யூனிட் அதைவிட மலிவா, கூடுதலா என்பதுதான் கேள்வி.

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். பில் தொகையை யூனிட்டால் வகுத்து, “எங்க வீட்ல யூனிட் மூணு ரூபாதான் டீச்சர்” என்பார்கள். அது சராசரி. நமக்கு வேண்டியது, மேலே ஏறப்போகிற யூனிட்டின் விலை. தமிழ்நாடு மின்வாரியத்தின் 2022 செப்டம்பர் கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் நின்றால் அடுத்த 100க்கு 2.25, அதற்கடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய், 101லிருந்தே 4.50 ஆகிவிடும், 501இலிருந்து 600 வரை 8 ரூபாய், 601இலிருந்து 800 வரை 9 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதுவேதான்.

இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்டும் ஒரு சிலிண்டரும் ஓடும் சின்ன வீட்டில் சமையல் முழுவதையும் மாற்றினால் 280 ஆகும். பில் 112 ரூபாயிலிருந்து 585 ஆகும். 900 ரூபாய் சிலிண்டருக்குப் பதிலாக 473 ரூபாய் என்றால், யோசிக்கவே வேண்டாம். அதுவே 380 யூனிட் ஓடும் வீடு 510க்குப் போனால் 1,035 ரூபாய் பில் 2,030 ஆகிறது. மிச்சமாகும் சிலிண்டர் 900 ரூபாய்தான், கையிலிருந்து 95 ரூபாய் போகிறது. அந்த வீட்டுக்காரிக்கு நான் சொன்ன யோசனை: சோறு, பால், பருப்பு, வெந்நீர் எல்லாம் இண்டக்‌ஷனில் வை. தோசைக்கும் தாளிப்புக்கும் காஸ் இருக்கட்டும். மீட்டர் 490இல் நிற்கும்படி பார்த்துக்கொள். அப்படிச் செய்தால் கரண்ட்டுக்கு 630 ரூபாய் கூடும், காஸில் 760 ரூபாய் குறையும்.

விறகு இலவசம் என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். பொறுக்கி வரும் நேரத்துக்குக் கூலி போடாததால்தான் அது இலவசம். பழைய மண் அடுப்பில் நூற்றுக்கு 10, 15 பங்கு வெப்பம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மீதியோடு புகை நெஞ்சுக்குள் போகிறது. வீட்டுக்குள் எரியும் விறகு, வறட்டி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வெந்நீருக்கு விறகு வைத்தே ஆகவேண்டும் என்றால் கொல்லைப்புறத்தில், திறந்தவெளியில் வையுங்கள். கைக்குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

செலவைப் போலவே ஆபத்தையும் பார்க்க வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் மேலே இருக்கும் ஜன்னல் மட்டும் போதாது, வாசல் கதவைத் திறங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போட்டிருந்தாலும் அணைக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906ஐக் கூப்பிடுங்கள். ரப்பர் ட்யூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டர் வாங்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. சி-28 என்றால் 2028 செப்டம்பருக்குள் அதை மறுபடி சோதிக்க வேண்டும். தேதி தாண்டியதைத் திருப்பிக் கொடுங்கள், அது உங்கள் உரிமை.

இண்டக்‌ஷனின் ஆபத்து சுவருக்குள் இருக்கிறது. 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பாயிண்டில் அதைச் செருகினால் நாளடைவில் பிளக் உருகி, ஒயர் கருகும். 16 ஆம்பியர் பாயிண்ட் தனியாக இழுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று பாருங்கள். அடுப்பு விலையோடு இந்த வேலைக்கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம், கிடைக்காமல் போகிற ஆபத்து. நம் நாட்டு காஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து கப்பலில் வருவது. 2022இல் இலங்கையில் ஒரு சிலிண்டருக்காக ஜனங்கள் விடிய விடிய வரிசையில் கிடந்ததை மறக்க முடியுமா? கரண்ட்டும் மழைக்காலத்தில் போகும். அதனால் இரண்டு அடுப்பும் இருக்கிற வீடுதான் என் கண்ணில் பாதுகாப்பான வீடு.

சோலாருக்கும் அதே கணக்குதான். மிச்சமாவது பில்லின் உச்சியில் இருக்கும், விலை கூடிய யூனிட். நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். 2 கிலோவாட்டுக்கு 1,30,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 60,000 போனால், உங்கள் கைப்பணம் 70,000. லைனுக்குத் திருப்பி அனுப்பும் சோலார் யூனிட்டை பில்லில் கழிக்கும் நெட் மீட்டரோடு, மேலே சொன்ன கட்டணப்படி 700 யூனிட் ஓடும் ஏசி வீட்டுக்கு 3,650 ரூபாய் பில் 315 ஆகும். வருடம் 20,000 மிச்சம், மூன்றரை வருடத்தில் முதல் திரும்பிவிடும். 380 யூனிட் வீட்டில் முழு பில்லும் போனாலும் வருடத்துக்கு 6,210 ரூபாய்தான். முதல் திரும்ப 11 வருடம் ஆகும். அந்த வீட்டுக்கு 1 கிலோவாட் போதும். “3 கிலோவாட் போட்டா மானியம் 78,000 வரும்” என்று ஏஜெண்ட் ஆசை காட்டினால் பில்லை எடுத்து முன்னால் வையுங்கள்.

கரண்ட் போனால் சாதாரண சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. இருட்டில் விளக்கு எரிய பேட்டரி தனியாக வேண்டும். எங்கள் பக்கம் ஆடிக் காற்று பேனலைப் பிடுங்கும், ஆகவே தாங்குக்கால்களுக்கு எப்படிக் கான்கிரீட் போடுகிறார்கள் என்று நின்று பாருங்கள். மொட்டை மாடி விளிம்பில் கயிறு கட்டாமல் வேலை பார்க்க யாரையும் விடாதீர்கள்.

இனி நாட்டுக் கணக்கு. என் மாடியில் நின்றால் சுற்றிலும் காற்றாலைகள். தென்கிழக்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். “1000 மெகாவாட்” என்று செய்தியில் வந்தால் அது முழு மூச்சில் ஓடினால் வரும் அளவு. வருடத்தில் எத்தனை யூனிட் வரும் என்று கேட்க வேண்டும். 1000 மெகாவாட் சோலார் ஐந்தில் ஒரு பங்கு நேரக் கணக்கில் வருடத்துக்கு 175 கோடி யூனிட் தரும். அதே அளவு அணு உலை முக்கால் பங்கு ஓடினால் 650 கோடிக்கு மேல். காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை சுழன்று தள்ளும், மார்கழியில் பாதி நாள் சும்மா நிற்கும்.

ஆபத்தையும் யூனிட்டுக்கு இவ்வளவு என்றுதான் அளக்க வேண்டும். ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ (Our World in Data) என்ற இணையதளம் தொகுத்த கணக்கில், 100 கோடி யூனிட் மின்சாரத்துக்கு விபத்தாலும் காற்று மாசாலும் ஏற்படும் சாவு பழுப்பு நிலக்கரிக்கு சுமார் 33, நிலக்கரிக்கு 25, இயற்கை எரிவாயுவுக்கு 3, அணைக்கு 1.3, காற்றாலைக்கு 0.04, அணு உலைக்கு 0.03, சோலாருக்கு 0.02. செர்னோபில், ஃபுகுஷிமா அணு உலை விபத்துகளும் சேர்ந்த கணக்கு இது. அணையின் எண்ணில் பெரும்பங்கு 1975இல் சீனாவில் உடைந்த பான்சியாவோ அணை. நிலக்கரி எண்கள் பெரும்பாலும் ஐரோப்பாவை வைத்துப் போட்டவை. சாம்பல் மிகுந்த நம் நிலக்கரியை எரிக்கும் எண்ணூரில் மூச்சுவிடும் குழந்தைகளை நினைத்தால் எனக்கு அந்த எண்ணே குறைவாகத்தான் தோன்றுகிறது.

அதற்காக, கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரைக்காரர்களின் பயத்தை அறியாமை என்று தள்ளுவதையும் நான் ஏற்க மாட்டேன். ஃபுகுஷிமாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அது சாவுக் கணக்கில் வராது. ஆகவே இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். ஒன்றில் சாதாரண நாளில் யாருக்கு என்ன நடக்கிறது, மற்றதில் மோசமான ஒரு நாளில் யாருக்கு என்ன நடக்கும். நிலக்கரிக்கு முதல் பத்தி நிறையும், அணு உலைக்கும் அணைக்கும் இரண்டாவது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள்.

இண்டக்‌ஷனுக்கும் இதே கண்ணாடியைப் போடுங்கள். ஒரு சிலிண்டர் எரிந்தால் 43 கிலோ கரியமிலவாயு வரும். 130 யூனிட் கரண்ட்டுக்கு, நம் நாட்டு மின்சாரத்தின் சராசரியில், 90 கிலோவுக்கு மேல் எங்கோ ஒரு புகைபோக்கியில் வெளியேறுகிறது. வீட்டுக் காற்று சுத்தமாவது உண்மை, அதற்கு ஈடு கொடுப்பது அனல்மின் நிலையத்துப் பக்கத்து ஊர். இதைக் குறைக்க நம் கையில் ஒன்று இருக்கிறது. பகலில் சோலார் மின்சாரம் நிறைய வருகிறது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் அது இறங்க, தேவை ஏற, நிலக்கரிதான் பெரும்பாலும் தாங்குகிறது. மாவாட்டுவது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது, துணி துவைப்பது, இஸ்திரி போடுவது எல்லாவற்றையும் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.