உப்புக்காற்றில் ஒரு குட்டி வீடு: பொம்மை வீட்டுக் கிட் பொருத்துவது எப்படி?

நான் பொருத்திய முதல் பொம்மை வீட்டின் பின்சுவர் மூன்றாம் நாள் காலையில் அப்பளம் போல் வளைந்து நின்றது. கிட்டோடு வந்த தாளில் சொன்னதை வரி பிசகாமல் செய்திருந்தேன். ஆனால் அது நவம்பர் மாதம், அடைமழை. அந்தத் தாளை எழுதியவருக்குத் திருகோணமலை உப்புவெளியில் மாரி எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாவது வீட்டைக் கச்சான் காற்று வீசும் ஜூலையில், அண்ணன் மகளை உதவிக்கு வைத்துக்கொண்டு செய்தேன். அது இன்றும் நேராக நிற்கிறது. அந்த இரண்டாவது வீட்டின் செய்முறைதான் இது.

எதை வாங்குவது

பொம்மை வீடுகளில் அதிகம் புழங்கும் அளவுகள் இரண்டு. 1:12 என்றால் உண்மை வீட்டின் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். 1:24 அதிலும் பாதி. இணையத்தில் வாங்கும் மரக் கிட்டுகள் பெரும்பாலும் 1:24 ஐ ஒட்டியவை. ஏழு அடிக் கதவு அதில் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் வரும். முதல் தடவை என்றால் ஓர் அறை அல்லது இரண்டு அறை உள்ளதாகப் பாருங்கள். படத்தில் அழகாக இருக்கிறதே என்று மூன்று மாடி வாங்கினால் அது பெட்டியோடு அலுமாரிக்கு மேல் தூங்கும்.

பசை, பெயின்ட், பற்றரி மூன்றும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகளில் இவை பெரும்பாலும் இருக்காது. இவற்றைத் தவிர, பேப்பர் கட்டர், இரும்பு அடிமட்டம், மூலைமட்டம், சாவணம், 220, 400 இலக்க அரத்தாள், மாஸ்கிங் டேப், பல்லுக்குச்சி ஆகியவை போதும்.

பிரித்து அடுக்குங்கள், ஆனால் உடைக்க வேண்டாம்

லேசரால் வெட்டிய பலகைத் தாள்களைப் பார்த்ததும் கை துருதுருக்கும். துண்டுகளை எல்லாம் ஒரேயடியாகப் பிய்த்துவிட வேண்டாம். இலக்கம் பலவேளைகளில் துண்டில் இருக்காது, அதைச் சுற்றியுள்ள சட்டத்தில்தான் இருக்கும். பிய்த்தபின் எது எதுவென்று கடவுளுக்கே வெளிச்சம். தேவையானதை மட்டும் கட்டரால் கீறி எடுத்து, உடனே பின்புறத்தில் பென்சிலால் இலக்கத்தை எழுதுங்கள். மணி, கம்பி போன்ற பொடிகளைப் போட்டு வைக்க முட்டைத் தட்டு நல்லது. கச்சான் வீசும் நாளில் யன்னலைச் சாத்துங்கள், ஃபேனையும் நிறுத்துங்கள். நாங்கள் ஒரு மேசைவிரிப்பைக் கட்டிலுக்கு அடியில் போய்த்தான் எடுத்தோம்.

அப்புறம், பலகைத் தாள்களை நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இரண்டு நாள் தட்டையாக வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கிவிடுங்கள். பலகை அறையின் ஈரப்பதத்துக்குப் பழகட்டும். வளைவதாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்னே வளையட்டும்.

தேய்ப்பதும் பூசுவதும்

லேசர் வெட்டிய ஓரம் கருகியிருக்கும். அந்தக் கரி பெயின்ட்டில் கலந்து வெள்ளைச் சுவரைச் சாம்பலாக்கும், பசையும் அதில் சரியாகப் பிடிக்காது. 220 ஆல் ஓரங்களையும் 400 ஆல் முகத்தையும், மர இழை ஓடும் திசையிலேயே தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். பிறகு பசையே இல்லாமல், மாஸ்கிங் டேப்பால் மட்டும் முழு வீட்டையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். துண்டின் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கு அதற்குரிய துளைக்குள் இறங்கவில்லையா? அழுத்தாதீர்கள், இன்னும் இரண்டு இழுப்புத் தேயுங்கள். பெயின்ட் பூசியபின் அது மேலும் இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

என் முதல் வீடு கெட்டது பெயின்ட்டில்தான். தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிய பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் பூசினால், அந்தப் பக்கம் ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கி, பலகையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கம் யாருக்கும் தெரியாதே என்று நான் விட்டுவிட்டேன். நீங்கள் இரண்டு பக்கமும் பூசுங்கள், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை. தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் இரண்டு எண்ணெய்த் தாள்களுக்கு நடுவே வைத்துப் புத்தகப் பாரம் ஏற்றுங்கள். மாரியில் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓர் இரவு விடுவது என் வழக்கம்.

சுவர்த்தாளையும் நிலத்தாளையும் வீட்டை நிறுத்துவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். பின்னர் மூலைக்குள் விரல் போகாது. நீர்த்த பசை தாளைச் சுருக்கிவிடும், குச்சிப்பசை போதும்.

விளக்கு

இதைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. எல்.இ.டி. விளக்குகளுக்கு 3 வோல்ட் போதும், இரண்டு சிறு பற்றரிகள் அதைக் கொடுக்கும். சிவப்புக் கம்பி நேர் முனை, மற்றது எதிர் முனை. மாறினால் எரியாது. கம்பி முனையில் ஒரு சென்ரிமீற்றர் உறையை உரித்து, சிவப்பைச் சிவப்போடும் மற்றதை மற்றதோடும் முறுக்கி, கிட்டில் வரும் சுருங்கு குழாயை மேலே இழுத்துச் சூடு காட்டுங்கள். உறையில்லாத செம்புபோல் தெரியும் மெல்லிய கம்பி வந்தால் அதன்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும், அரத்தாளால் சுரண்டினால்தான் மின் ஓடும். ஒவ்வொரு விளக்கையும் ஒட்டுவதற்கு முன்பும் எரிய வையுங்கள், ஒட்டிய பின்பும் எரிய வையுங்கள்.

சில கிட்டுகளில் காசு வடிவப் பற்றரி வரும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் எரிந்து புண்ணாகலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் திருகாணி போட்டு மூடும் பற்றரிப் பெட்டிதான் வேண்டும்.

பசை: இங்கே அவசரம் வேண்டாம்

மரப்பசை தன்னிலுள்ள தண்ணீரை இழந்து காய்கிறது. சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து இறுகுகிறது. ஆகவே நம் ஊர் மாரியில் மரப்பசை சோம்பேறியாகவும் சுப்பர் குளூ அவசரக்காரனாகவும் மாறிவிடும். தாளில் 'பத்து நிமிடம்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

சுவர், தரை, கூரை எல்லாவற்றுக்கும் மரப்பசைதான். பல்லுக்குச்சியால் மெல்லிய கோடாக இழுத்து, மூலைமட்டத்தை உள்ளே நிறுத்தி, டேப் சுற்றி அரை மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். முழுப் பலம் வர ஒரு நாள், மழைநாளில் இரண்டு நாள். முதலில் தரையும் பின்சுவரும், அடுத்து ஒரு பக்கச் சுவர், அது இறுகியபின் மற்றது. மூலை ஒரு நூல் பிசகினாலும் அது கூரையில் வந்துதான் தெரியும். எங்கள் வீட்டில் கதவில் தெரிந்தது. "மாமி, கதவு சாத்துப்படுதில்லை" என்றாள் மருமகள். ஈரத்துணியைச் சற்று நேரம் வைத்துப் பசையை இளக்கி, சுவரைக் கழற்றி, மறுபடி ஒட்டினோம்.

சுப்பர் குளூவை உலோகம், மணி, களிமண் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யன்னல் பிளாஸ்ரிக்கில் அதன் ஆவி வெள்ளைப் புகையாய்ப் படிந்துவிடும், பிறகு அழியாது. அங்கேயும் மரப்பசையே நல்லது. பஞ்சு, பருத்தித் துணியில் அது பட்டால் கை சுடும் அளவுக்குச் சூடாகும். ஆகவே மெத்தை, தலையணைக்கு வேண்டவே வேண்டாம். விரல் ஒட்டிக்கொண்டால் கியூடெக்ஸ் அழிக்கும் திரவம் கழற்றிவிடும், ஆனால் அதையும் பிளாஸ்ரிக் யன்னல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உள்ளே குடியேற்றுதல்

இனித்தான் விளையாட்டு. எங்கள் கிட்டில் குளிர்காயும் அடுப்பு ஒன்று சுவரோடு வந்தது. திருகோணமலையில் அதற்கு என்ன வேலை? புகைபோக்கியைக் கழித்துவிட்டு அதைச் சாமி மாடமாக்கினோம். சோபாவை விட்டுவைத்தோம், இரண்டு கதிரைகளை விறாந்தைக்கு அனுப்பினோம். மிஞ்சிய பலகையில் ஒரு சின்ன வாங்கு செய்தோம்.

முற்றத்தில் கிணறு வேண்டும் என்பது மருமகளின் கட்டளை. உட்புறம் ஆறு சென்ரிமீற்றர் அகலமான பழைய பிளாஸ்ரிக் காப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினோம். 1:24 இல் அது ஏறத்தாழ ஐந்தடி அகலக் கிணறு. மேலே மரப்பசை தடவிக் கடற்கரை மணலைத் தூவினோம். மணலை அப்படியே பயன்படுத்தக் கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், சில வாரத்தில் மணல் கசியும். நன்னீரில் மூன்று தரம் அலசி, வெயிலில் காயவைத்து, தேயிலை வடியில் அரித்து எடுங்கள். அரை மில்லிமீற்றர் மணி இந்த வீட்டில் ஒரு சென்ரிமீற்றர் கல்லாகத் தெரியும், பெரிய மணிகளைக் கழிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆம்ஸ்ரர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணியின் பொம்மை வீடு 1686 இல் தொடங்கி 1710 வரை இழுத்தது. இப்போது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே திருகோணமலைக் கோட்டையிலும் ஒல்லாந்தர்தான் இருந்தார்கள். மூன்று வாரத்துக்கு யாரும் அலுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கடைசிப் பூச்சும் இருப்பிடமும்

மெருகுக்குத் தண்ணீரில் கலக்கும் மங்கல் வார்னிஷ், தூரிகையால் ஒரு பூச்சு. ஸ்பிரே வார்னிஷ் என்றால் மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரம் அகப்பட்டுப் பரப்பு வெளுத்துப்போகும். வீட்டை மூடும் பிளாஸ்ரிக் மூடியின் இரு பக்கமும் உள்ள மெல்லிய தாளை உரிக்க மறக்க வேண்டாம். நான் ஒரு பக்கத்தை மறந்து, பிளாஸ்ரிக் மங்கல் என்று ஒரு கிழமை திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டை யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். வெயில் தாளை வெளுக்கும், கடற்காற்று பற்றரி முனைகளில் பச்சை பூக்க வைக்கும். விளக்குப் போடாத மாதங்களில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூரைக்குள் போடுங்கள். கறையானுக்கும் பல்லிக்கும் மூடி போட்டு வைப்பதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மருமகள் களிமண்ணில் மூன்றரை சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு புள்ளிமான் செய்துகொண்டு வந்தாள். கோட்டை மான்கள் ரவுணுக்குள் வந்து பூக்கன்று மேய்வது போல இதுவும் படலைக்குள் நின்று குரோட்டனைத் தின்ன வேண்டுமாம். கால் நான்கும் நிற்க ஒரு சொட்டு சுப்பர் குளூ போட்டோம்.