மைக்ரோகேன்டிலீவர்ல வைரஸ் புரோட்டீன் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோகேன்டிலீவர்ங்கறது ஒரு முனைய மட்டும் பிடிச்சு வச்சிருக்குற ஒரு குட்டிப் பட்டை. அது வளைஞ்சிடுச்சா, உடனே வைரஸ் புரோட்டீன் மாட்டிக்கிச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. இதுல பெரும்பாலான தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. அரை மில்லிமீட்டர் நீளம், ஒரு மைக்ரான் தடிமன்ல சிலிக்கான் பட்டை, ஒரு பக்கம் மட்டும் தங்கப் பூச்சு, அது மேல ஆன்டிபாடி, அதாவது நாம தேடுற புரோட்டீன மட்டும் பிடிச்சு வைக்கிற இன்னொரு புரோட்டீன். புரோட்டீன் வந்து ஒட்டினா சில நானோமீட்டர் வளையும், அத லேசர் வச்சு படிக்கிறோம். ஆனா தங்கமும் சிலிக்கானும் சூட்டுக்கு ஒரே மாதிரி விரியாதுங்க, டெம்பரேச்சர் லேசா ஏறினாலே வளைஞ்சிடும், பஃபரோட (பட்டை மேல ஓடுற உப்புக் கரைசல்) உப்பு அளவு, பிஹெச் மாறினாலும் வளையும், அப்போ எது எதனாலன்னு எப்படி சொல்லுவீங்க?

அதுக்குத்தான் பக்கத்துலயே ஒப்பிட்டுப் பாக்க, புரோட்டீன பிடிக்காத ஒரு ரெஃபரன்ஸ் பட்டை வேணும். 2000ல ஐபிஎம் சூரிச், பாசல் பல்கலைக்கழக ஆட்கள் டிஎன்ஏல ஒரே ஒரு எழுத்து மாறினதக்கூட கண்டுபிடிச்சாங்க, ரெண்டு பட்டையோட வித்தியாசத்த பார்த்ததாலதான் அது முடிஞ்சுது. ஆனா வெறும் தங்கத்த ரெஃபரன்ஸா வைக்காதீங்க, அதுல எல்லா புரோட்டீனும் போய் அப்பிக்கும். வைரஸுக்கு சம்பந்தமே இல்லாத, அதே வகை ஆன்டிபாடிய போடுங்க. அடிப்பக்க சிலிக்கானயும் மறக்காதீங்க, அங்க புரோட்டீன் ஒட்டினா எதிர்ப்பக்கம் இழுத்து சிக்னலயே சாப்பிட்டுடும். பெக் (PEG, புரோட்டீன் ஒட்டவிடாத பாலிமர்) மாதிரி எதாவது பூசி மூடிடுங்க.

வளைவுக்குப் பதிலா பட்டைய அதிர வச்சு, எடை ஏறினா ஃப்ரீக்வென்சி எவ்ளோ இறங்குதுன்னு அதிர்வு முறைல பாக்குறவங்க, பட்டைய காய வச்சு அளக்கறதுக்கு முன்னாடி உப்பு போக கழுவுங்க, காஞ்ச உப்போட எடையும் புரோட்டீன் கணக்குல சேர்ந்துடும். எடை நுனில ஒட்டினாதான் ஃப்ரீக்வென்சி நல்லா இறங்கும், பிடிச்சிருக்குற அடில ஒட்டினா கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியாது. அதனால எங்க ஒட்டுச்சுன்னு தெரியாம எடை கணக்கு போடறது சரியில்ல.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். கொரோனாவோட N புரோட்டீன் (நியூக்ளியோகாப்சிட்) வைரஸுக்கு உள்ள இருக்கு. முழு வைரஸ அப்படியே விட்டா N புரோட்டீனுக்கான ஆன்டிபாடி அத பாக்கவே முடியாது, டிடர்ஜென்ட் போட்டு உடைக்கணும். ஆனா அந்த டிடர்ஜென்டே பட்டைய வளைக்கும்! அதனால சாம்பிள்ல எவ்ளோ போடுறீங்களோ அதே அளவு ஓடுற பஃபர்லயும் போட்டு, பேஸ்லைன் (சாம்பிள் விடறதுக்கு முன்னாடி வர்ற சிக்னல்) அசையாம நின்ன அப்புறம் சாம்பிள உள்ள விடுங்க.