12இல் ஒரு பங்கு அளவில் பந்தய பைக்: டெக்காலும் கிளியர் கோட்டும் கெடாமல் கட்டி முடிக்கும் முறை

ஜப்பானின் தமியா நிறுவனம் 1/12 அளவில் வெளியிட்ட ரெப்சோல் ஹோண்டா ஆர்சி211வி கிட்டை (பாகங்களாக வரும், நாமே கட்டும் பிளாஸ்டிக் மாதிரியை) வைத்து இந்தச் செய்முறையை எழுதுகிறேன். 990 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் மோட்டோஜிபி பந்தயத்திற்கு வந்த முதல் ஆண்டான 2002இல், 16 பந்தயங்களில் 14ஐ வென்றது இந்த வண்டிதான். வாலன்டினோ ரோஸ்ஸி அவ்வாண்டின் உலகப் பட்டத்தையும் இதில்தான் வென்றார். முன்னால் மூன்றும் பின்னால் இரண்டுமாக ஐந்து சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் கிட்டிலும் அப்படியே இருப்பதால், கட்டக் கட்ட வண்டியின் அமைப்பு நமக்குப் புரிந்துகொண்டே வரும்.

படி 1: ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்த்தல்

பாகங்களை வெட்டுவது, பிசிறு தேய்ப்பது ஆகியவை விளக்கத் தாளிலேயே உள்ளன. பாகங்களை வெட்டும் நிப்பர் மட்டும் நல்லதாக வாங்குங்கள். மற்றக் கருவிகளில் சிக்கனம் பார்க்கலாம். எஞ்சின், ஃபிரேம், ஃபேரிங் (வண்டியின் வெளி மூடி) மூன்றையும் பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துப் பார்த்து, எங்கே இடைவெளி குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கூடுதல் வயர்களும் குழாய்களும் சேர்க்கும்போது இந்தக் குறிப்பு தேவைப்படும்.

படி 2: வண்ணமும் டெக்காலும்

ஆரஞ்சும் சிவப்பும் அடியிலுள்ள நிறத்தை மறைக்காத வண்ணங்கள். சாம்பல் ப்ரைமரின் (வண்ணத்துக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) மேல் அடித்தால் மங்கிப்போகும் என்பதால், ஃபேரிங்குக்கு வெள்ளை ப்ரைமரே சரி.

அடுத்து வருவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம். ஃபேரிங்கின் வளைவில் பெரிய டெக்காலை (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படலம்) ஒட்டும்போது, பரப்பு பளபளப்பாக இல்லாவிட்டால் அடியில் காற்று தங்கி வெள்ளி நிறத் திட்டுகள் தெரியும். ஆகவே வண்ணம் நன்றாகக் காய்ந்தபின், அதில் சொரசொரப்பு இருந்தால் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியரை மெலிதாக ஒருமுறை அடித்துக்கொண்டு, பிறகு டெக்காலை நீரில் நனைத்து நகர்த்தி இடத்தில் வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஈரப் பஞ்சுக் குச்சியால் நீரை ஒற்றியெடுத்தபின், வளைவு உள்ள இடத்தில் மட்டும் டெக்காலை இளக்கும் திரவமான மிஸ்டர் மார்க் சாஃப்டரைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். சில நிமிடங்களில் டெக்கால் சுருங்கி, கெட்டுவிட்டதைப் போலத் தோன்றும். அந்த நிலையில் கையே வைக்கக் கூடாது. இளகியிருக்கும் படலம் விரல் பட்டால் கிழிந்துவிடும், விட்டுவிட்டால் காயும்போது தானாகவே பரப்போடு படிந்துகொள்ளும்.

படி 3: கிளியர் கோட்

தமியாவின் கிளியர் ஸ்ப்ரேயான டிஎஸ்-13 அழகான பளபளப்பைத் தரும். ஆனால் அதிலுள்ள கரைப்பான் டெக்காலைத் தின்றுவிடும் அளவுக்குக் கடுமையானது. முதல் இரண்டு மூன்று பூச்சுகளைத் தூரத்திலிருந்து, தூசி படிவதைப் போல மெலிதாக அடித்து, ஒவ்வொன்றையும் காயவிட்ட பிறகே, பரப்பு ஈரமாகத் தெரியும்படி அடிக்கும் ஈரப் பூச்சுக்குப் போக வேண்டும்.

படி 4: நுண்வேலை

அசல் வண்டியின் பிரேக் ஹோஸ் 6 மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால், நம் அளவில் அது 0.5 மில்லிமீட்டர்தான். இதைவிடத் தடித்த கம்பியைப் போட்டால் எவ்வளவு நேர்த்தியாக வண்ணம் அடித்திருந்தாலும் பொம்மை போலவே தெரியும். உலர்ந்த பந்தயங்களில் முன்சக்கரத்தில் கார்பன் பிரேக் டிஸ்க்குகளே இருக்கும் என்பதால், அவற்றுக்கு வெள்ளி வேண்டாம், மங்கிய கருஞ்சாம்பல் அடியுங்கள். டயரின் நடுவிலுள்ள அச்சுக் கோட்டை 400 எண் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து நீக்கினால், ஓடித் தேய்ந்த ரப்பரின் தோற்றமும் சேர்ந்தே கிடைக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த சிலர், கிளியர் கோட் பால் போல வெளுத்துவிட்டதாகத் தெரிவித்தார்கள். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்ததே காரணம். மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களின் இரவுகளிலும் அடிக்காதீர்கள். வெளுத்தது இலேசாக இருந்தால், வறண்ட நாளில் மேலே ஒரு மெல்லிய பூச்சு அடித்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். இன்னொருவர் முன்கண்ணாடி புகை படிந்தாற்போல ஆனதாகச் சொன்னார். சூப்பர் குளூவின் ஆவியால் நேர்வது அது. ஒளி புகும் பாகங்களுக்கு வெள்ளைப் பசையை மட்டும் பயன்படுத்துங்கள்.