பூச்சிப் படங்கள்: ஃப்ரேம் அமைப்பதும் திருத்துவதும்

மேக்ரோ லென்ஸை மாட்டியதும் பூச்சி பெரிதாகத் தெரிந்துவிடும். ஆனாலும் படம் சப்பென்று இருக்கும். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: பின்னால் குறுக்கே ஓடும் ஒரு வெளிறிய புல், முதுகில் வெளுத்துப்போன ஒளித்திட்டு, அல்லது ஃபோகஸ் கண்ணில் விழாமல் கழுத்தில் விழுந்திருப்பது. முதல் இரண்டையும் கம்ப்யூட்டரில் ஓரளவு சமாளிக்கலாம். மூன்றாவதைச் சமாளிக்கவே முடியாது. இல்லாத கூர்மையை எந்த மென்பொருளும் உண்மையாகக் கொண்டுவராது. அதனால் ஃபோகஸில் தொடங்குவோம்.

கூர்மை எங்கே விழவேண்டும்

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பூச்சி சென்சாரில் தன் உண்மையான அளவிலேயே விழும்போது, எஃப்/11 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 1.3 மி.மீ.தான். ஒரு தேனீயின் தலை அகலமே அதைவிட அதிகம். அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, இன்னும் மூடினால் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) ஆழம் கூடும், கூடவே விளிம்பு விளைவும், அதாவது சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதும், கூடும். 1:1இல் லென்ஸில் வைக்கும் எஃப்/11, சென்சாருக்கு ஏறக்குறைய எஃப்/22 ஆகிவிடுகிறது. எஃப்/22 வைத்தால் எஃப்/44! நுண்விவரமெல்லாம் மெழுகு பூசியதுபோல் மங்கிப்போகும். எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். சில கேமராக்கள் இந்த மாறிய எண்ணையே திரையில் காட்டும். அப்போது எஃப்/16, எஃப்/22 என்று தெரிந்தால் பயப்படவேண்டாம்.

கிடைப்பது ஒரு மெல்லிய தகடு அளவு கூர்மைதான் என்பதால், அதைப் பூச்சியின் எந்தப் பக்கத்தோடு ஒட்டவைப்பது என்பதே முதல் முடிவு. குச்சியில் உட்கார்ந்திருக்கும் தும்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பக்கவாட்டில் நின்றால் தலையிலிருந்து வால் நுனிவரை கூர்மையாக வரும். நம் பக்கம் நீளும் இறக்கை மங்கும், பரவாயில்லை. நேர் மேலிருந்து எடுத்தால் நான்கு இறக்கைகளின் நரம்புகளும் கிடைக்கும். நேருக்கு நேர் எடுத்தால் இரண்டு கண்களும் சமமாக வந்து, உடல் பின்னால் கரைந்துவிடும். எதிலும் சேராத சாய்கோணத்தில் நின்றால் ஒரு கண்ணும் ஒரு தோளும்தான் மிஞ்சும். கோணத்தை முடிவு செய்தபின் இரண்டு சென்டிமீட்டர் இடம் வலம் நகர்ந்து சென்சாரை உடலுக்கு இணையாக்குங்கள்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, வேண்டிய உருப்பெருக்கத்தை வளையத்தில் வைத்துக்கொண்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் மூன்று நான்கு படங்களாகத் தட்டுவதே நம்பகமான வழி. கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியை நம்பி ஃபோகஸ் செய்யாதீர்கள். வளைந்த கண்பரப்பு குவியாடிபோலச் செயல்படுவதால் அந்தப் புள்ளியின் பிம்பம் பரப்புக்குச் சற்று உள்ளே விழுகிறது. கூட்டுக்கண்ணின் அறுகோணக் கட்டங்களோ கண்ணோர முடிகளோ தெளிவாகத் தெரிகின்றனவா என்று 100% பெரிதாக்கிப் பாருங்கள்.

பின்னணியும் இடமும்

பூச்சிக்கு 3 செ.மீ. பின்னால் இலை இருந்தால் அதன் விளிம்புகள் திட்டுத்திட்டாகத் தெரியும்; அரை மீட்டர் தள்ளி இருந்தால் வழவழப்பான ஒரே நிறமாகிவிடும். எனவே பூச்சியைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தினாலே பின்னணி அடியோடு மாறும். 100 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ்கள் பின்னணியில் சிறிய பரப்பையே உள்ளே இழுப்பதால் இந்த வேலை எளிதாகும்.

ஃப்ளாஷ் மட்டும் வைத்து எடுத்தால் பின்னணி கறுத்துப்போவது ஏன்? ஃப்ளாஷிலிருந்து பூச்சி 15 செ.மீ.யிலும் செடி 60 செ.மீ.யிலும் இருந்தால் செடிக்கு 16இல் ஒரு பங்கு ஒளிதான் போகிறது. கறுப்புப் பின்னணி சில பூச்சிகளுக்கு அழகுதான், ஆனால் கறுத்த உணர்கொம்புகளும் கால்களும் அதில் மறைந்துவிடும். அப்படிப்பட்ட பூச்சிக்கு ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 400 முதல் 800க்கு ஏற்றி, ஷட்டரை 1/60 விநாடி அளவுக்கு இறக்கி இயற்கை ஒளியையும் உள்ளே விடுங்கள். காற்று வீசினால் இது சரிவராது. அசைவால் பூச்சியைச் சுற்றி மங்கலான இரண்டாவது உரு படியும்.

பளபளக்கும் பொறிவண்டுக்கு டிஃப்யூசர் (ஃப்ளாஷ் ஒளியை மென்மையாக்கும் திரை) பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கவேண்டும். ஒரே தாளைவிட, நடுவே இடைவெளி விட்ட இரண்டு அடுக்குகள் ஒளியை நன்றாகப் பரப்பும். ஓட்டில் முழுக்க வெளுத்த இடத்தை ரா ஃபைலிலும் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலத்தரவிலும்) மீட்க முடியாது.

உணர்கொம்பு நுனியை வெட்டாதீர்கள். அதற்காகக் கொஞ்சம் தள்ளி நின்றே எடுங்கள்: 24 மெகாபிக்சல் படத்தின் நீள அகலத்தைப் பாதியாக வெட்டினாலும் 3000×2000 மிஞ்சும், திரைக்கு அது தாராளம். பூச்சி பார்க்கும் திசையில் இடம் கூடுதலாக விடுங்கள். தண்டை மூலைவிட்டமாக்கக் கேமராவைச் சாய்க்கலாம், ஆனால் பனித்துளி தொங்கிக்கொண்டிருந்தால் அது சாய்த்ததை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்தும்போது

முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறச் சமநிலை. இலை நடுவே எடுத்த படங்களில் பூச்சியின் அடிவயிற்றில் பச்சை ஏறியிருக்கும். டின்டை (பச்சை-மெஜந்தா ஸ்லைடரை) மெஜந்தா பக்கம் சற்றே நகர்த்துங்கள். அடுத்து எக்ஸ்போஷர், பிறகு ஹைலைட்டைக் குறைப்பது. சிவப்புத் தும்பி என்றால் ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பு அலைவரிசையைத் தனியாகப் பாருங்கள். மற்ற இரண்டும் நடுவில் இருக்கும்போதே சிவப்பு வலது சுவரில் முட்டி, வயிற்றுக் கணுக்களின் விவரம் அழிந்திருக்கும். அங்கே சாச்சுரேஷனை ஏற்றுவதல்ல, இறக்குவதே வழி.

க்ராப் செய்தபின் சுத்தம். சிறிய அப்பெர்ச்சரில் சென்சார் தூசி புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஹீலிங் பிரஷால் எடுத்துவிடலாம். ஆனால் முடிகளுக்கு அருகில் அது மங்கலாகப் பூசிவிடும், அங்கே சிறிய க்ளோன் பிரஷ்தான் பாதுகாப்பு.

பின்னணியை அடக்க, தானியங்கித் தேர்வு மாஸ்க்கை (திருத்தம் எங்கே விழவேண்டும் என்று குறிக்கும் தேர்வை) அப்படியே நம்பாதீர்கள். முடியையும் உணர்கொம்பையும் அது தவறவிடும். பின்னணியை இருட்டாக்கியதும் பூச்சியைச் சுற்றி வெளிறிய வளையம் நிற்கும். அகன்ற ஃபெதர் (மென்மையான விளிம்பு) வைத்த வட்டவடிவ ரேடியல் மாஸ்க்கில் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைப்பது நல்லது. கண்ணை இழுக்கும் மஞ்சள் புல் மட்டும்தான் பிரச்சினை என்றால், மஞ்சளின் லூமினன்ஸை (வெளிச்சத்தை) 20 குறைத்தாலே அடங்கிவிடும்.

ஷார்ப்பனிங்கை லைட்ரூமில் 50 முதல் 70, ரேடியஸ் 0.8 அளவில் வையுங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி மாஸ்கிங்கை நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாகும்; பின்னணி முழுக்கக் கறுத்து, கண்ணும் முடிகளும் மட்டும் வெள்ளையாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பின்னணியின் நாய்ஸும் சேர்ந்து கூர்மையாகும். கிளாரிட்டியை (நடுத்தர ஒளியின் எதிர்நிலையை) படம் முழுவதும் ஏற்றினால் பூச்சி தகரத்தில் செய்ததுபோல் ஆகிவிடும். கண்ணுக்கும் மார்புக்கும் மட்டும் கொஞ்சம் போதும்.

பல படங்களை அடுக்குவது

ஒரு படத்தில் அடங்காத ஆழத்துக்கு ஸ்டாக்கிங்: ஃபோகஸைப் படிப்படியாக நகர்த்தி எடுத்த படங்களின் கூர்மையான பகுதிகளை ஒன்றாகச் சேர்ப்பது. விடிகாலைக் குளிரில் அசையாத பூச்சிதான் இதற்கு ஏற்றது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்வதெல்லாம் வேண்டாம். 1:1இல் எஃப்/5.6க்கு ஆழம் சுமார் 0.67 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய 0.45 மி.மீ. படியாக நகர்ந்தால் 5 மி.மீ. ஆழத்துக்கு 12 படங்கள் வேண்டும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃப்ளாஷ் எல்லாம் மேனுவலில் இருக்கட்டும். பூச்சியின் கடைசிப் பகுதி கூர்மையானதும் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் பின்னணியும் கூர்மையாகி, பாடுபட்டுப் பெற்ற மென்மை போய்விடும்.

படங்களை அடுக்கிச் சேர்க்கும் மென்பொருளான ஜெரீன் ஸ்டாக்கரில் இரண்டு முறைகள் உண்டு. பிமேக்ஸ் முறை குறுக்கும் நெடுக்குமான முடிகளை நன்றாகக் கையாளும், ஆனால் நாய்ஸை ஏற்றும். டிமேப் நிறத்தையும் வழவழப்பையும் காக்கும், முடியோரத்தில் வளையம் விடும். இரண்டையும் ஓட்டி, டிமேப் படத்தின் மேல் முடிப்பகுதிகளை மட்டும் பிமேக்ஸிலிருந்து தீட்டிச் சேர்ப்பதே சிறந்த வழி. நடுவில் பூச்சி உணர்கொம்பை அசைத்திருந்தால் இரண்டாகத் தெரியும். அந்த உணர்கொம்பு அதிகக் கூர்மையாக இருக்கும் ஒரே ஒரு மூலப்படத்தைத் தேர்ந்து, அதிலிருந்து மட்டும் தீட்டுங்கள்.