கொலைகாரனைத் தேடாதீர்கள்

பழைய ஹாலிவுட்டில் குறைந்த செலவில் எடுத்த 'பி' படங்களில், அதுவும் கொலையும் சிரிப்புமாக ஓடும் 1930களின் படங்கள் என்றால் எனக்கு உயிர். முதல் தடவை பார்த்தபோது அப்படி இல்லை. இருபதாவது நிமிடத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது, "சே, இவ்வளவுதானா" என்று நிறுத்திவிட்டேன். தப்பு என்மேல்தான்.

அவன் யாராக இருந்தால் என்ன? 1934 முதல் தணிக்கை விதிகள் இறுகிவிட்டதால் குற்றவாளி எப்படியும் மாட்டத்தான் வேண்டும். அந்தக் கவலையை முதலில் விடுங்கள்.

அப்புறம், சிக்கனத்தைக் கவனியுங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலம் அது. பெரிய படத்துக்குத் தியேட்டர்காரர் வசூலில் பங்கு தருவார். கூடவே ஓடும் 'பி' படத்துக்குப் பெரும்பாலும் இவ்வளவு வாடகை என்று பேசி முடித்துவிடுவார். கூட்டம் அலைமோதினாலும் எடுத்தவருக்குக் கூடுதலாக ஒரு காசு வராது. செலவை அமுக்கினால்தான் லாபம். அதனால் வேறு படத்துக்குப் போட்ட செட், வேறு படத்தில் மிஞ்சிய காட்சித் துண்டு என்று ஒப்பேற்றுவார்கள். 'இந்த மாடிப்படியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று தோன்ற ஆரம்பித்தால் ருசி கண்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆரம்பிக்க நான் சொல்வது 1937இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஸ்மார்ட் ப்ளாண்ட்'. ஒரு மணி நேரம்கூட இல்லை. நிருபர் டார்ச்சி பிளேனாக கிளெண்டா ஃபேரல். டாக்சியில் ரயிலை விரட்டிப் போய்த் தொற்றி ஏறுவதுதான் அவருடைய அறிமுகம், பேட்டி வேண்டுமே! சூப்பர்மேன் கதைகளில் வரும் நிருபர் லோயிஸ் லேனுக்கு இந்த டார்ச்சிதான் முன்மாதிரி. பேச்சு பட்டாசுச் சரம், ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு போய்விடும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இரண்டாம் முறை பார்க்கும்போது நாயகியை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். டாம் கென்னடி நடித்த கஹகன் என்ற போலீஸ்காரர் மலைபோல் இருப்பார், கவிதைப் பித்து. கொலை விசாரணைக்கு நடுவில் அவர் முகத்தில் கனவு படர்வதைப் பார்க்கவே நான் ரீவைண்ட் செய்வேன்.

ஒரு ராத்திரிக்கு ஒரு படம் போதும். ஆசைப்பட்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்தேன். மறுநாள் எந்தப் பிணம் எந்தப் படம் என்றே தெரியவில்லை.