பீட்டர் ஃபால்க்கை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபால்க்கைப் (1927–2011) பற்றி எழுதுவோர் பலர், ‘கொலம்போ’ தொலைக்காட்சித் தொடரில் அவர் ஏற்ற துப்பறிவாளர் கொலம்போவின் கசங்கிய மழைக்கோட்டிலும் சுருட்டிலும் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அரை நூற்றாண்டு நீண்ட உழைப்பை ஒரே வேடத்துக்குள் அடக்கும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் மற்ற பிழைகளும் கிளைக்கின்றன.

கொலம்போதான் அவரை உருவாக்கியது என்பது முதல் பிழை. கனெக்டிகட் மாநில அரசு வேலையை உதறிவிட்டு நடிக்க வந்த ஃபால்க், 1960-இல் வெளியான ‘மர்டர், இன்க்.’ படத்துக்கும் அடுத்த ஆண்டின் ‘பாக்கெட்ஃபுல் ஆஃப் மிரக்கிள்ஸ்’ படத்துக்கும் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 1962-இல் தொலைக்காட்சி நாடகமொன்றுக்கு எம்மி விருதும் வந்தது. கொலம்போ வேடம் அவரிடம் வந்தது 1968-இல், ஒரு தொலைக்காட்சிப் படத்தில். அதற்கு முன்பே பெர்ட் ஃப்ரீட் தொலைக்காட்சியிலும் தாமஸ் மிட்செல் மேடையிலும் அதை ஏற்றிருந்தார்கள்.

‘1968 முதல் 2003 வரை ஓடிய தொடர்’ என்று எழுதுவதும் சரியன்று. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசியில் 1971 முதல் 1978 வரை வந்த தொடர், பத்தாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் 1989-இல்தான் மற்றொரு நிறுவனமான ஏபிசியில் மீண்டது. வேறு தொடர்களோடு முறைவைத்து ஒளிபரப்பானதால் பருவத்துக்குச் சில கதைகளே வந்தன, மொத்தம் 69. ஒவ்வொன்றும் ஒரு முழுப்படத்தின் அளவு என்பதை மறந்து வாராந்திரத் தொடராக அதை எடைபோடக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அவருடைய தொலைக்காட்சியையும் சினிமாவையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றைப் பிழைப்பு என்றும் மற்றதைக் கலை என்றும் வகுப்பது. ஜான் கசவெட்டிஸ் இயக்கிய ‘ஹஸ்பண்ட்ஸ்’ (1970) படத்தில் அவரோடும் பென் கசாராவோடும் நடித்த ஃபால்க், 1974-இன் ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ படத்தில் நடித்ததோடு தன் பணத்தையும் போட்டார். அதே கசவெட்டிஸ் 1972-இல் கொலம்போவின் ஒரு கதையில் கொலைகார இசை நடத்துநராக வந்தார். கசாரா இரண்டு கதைகளை இயக்கினார். இரு பக்கமும் உழைத்தவர்கள் ஒரே நண்பர்கள்தான். கொலம்போவாக எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் அதே முகம், 1974-இன் படத்தில், மனம் குலைந்துகொண்டிருக்கும் மனைவியின் முன் பொறுமையிழந்து கத்துகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காதவருக்கு அந்த நடிகரின் வீச்சு பிடிபடாது என்றே நான் நம்புகிறேன்.

அவர் கண்ணை இடுக்கிப் பார்ப்பதை வேடத்துக்காகப் பழகிய உத்தி என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். மூன்று வயதில் புற்றுநோயால் வலக்கண்ணை இழந்து, வாழ்நாள் முழுதும் செயற்கைக் கண்ணோடு இருந்தவர் அவர். அதற்காக, நடிப்பின் நுட்பம் அனைத்தையும் அந்தக் கண்ணின் கணக்கில் எழுதுவதும் அநியாயமே. குரலைத் தாழ்த்துவதும் பேச்சைப் பாதியில் நிறுத்தி யோசிப்பதும் அவர் தேடிக் கண்டடைந்தவை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர், கசவெட்டிஸ் நடித்த அந்த 1972-இன் கொலம்போ கதையை முதலில் பார்த்துவிட்டு, உடனே 1974-இன் படத்துக்குப் போவது நல்லது.