மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையும் உடற்பயிற்சியும்: எங்கிருந்து தொடங்குவது?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம் சுற்றத்தார் முதலில் சொல்வது, "அசையாமல் ஓய்வெடுங்கள்" என்பதுதான். அக்கறையோடு சொல்லப்பட்டாலும், இந்த அறிவுரை பெரும்பாலானோருக்குப் பொருந்தாது. கீமோதெரபியும் கதிர்வீச்சும் தரும் சோர்வு, வேலை செய்து களைத்த சோர்வைப் போன்றதன்று. தூங்கி எழுந்தாலும் அது விலகுவதில்லை. படுத்தே இருந்தால் தசைகள் மெலிகின்றன. தசைகள் மெலிந்தபின் மாடிப்படி ஏறுவதும் பெருவேலையாகி, சோர்வு இன்னும் கூடுகிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் கூட்டிய பன்னாட்டு நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்தில் 3 நாள் 30 நிமிடம் மிதமான பயிற்சியும், 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் 8 முதல் 12 வாரங்கள் செய்தால், சோர்வும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் குறைந்து, உடல் இயங்கும் திறன் கூடுகிறது. இந்த அளவை முதல் நாளே எட்ட முயல வேண்டாம்.

படி 1: மருத்துவரிடம் கேளுங்கள்

"உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், "செய்யலாம்" என்ற பொதுவான பதிலே கிடைக்கும். எலும்புக்கு நோய் பரவியிருக்கிறதா, டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் தரப்படுகின்றனவா, ரத்த அணுக்களின் எண்ணிக்கை எப்படி உள்ளது என்று தனித்தனியே கேளுங்கள். நோய் பரவியவர்களும் பயிற்சியால் பயன்பெறுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஏற்ற அசைவுகளைப் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 2: தோளை இறுகவிடாதீர்கள்

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் நாட்களில் விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்குவது, தோளை மெதுவாகச் சுழற்றுவது, ஆழ்ந்து மூச்சிழுப்பது ஆகியவையே போதும். அறுவைக் காயத்தில் சேரும் நீரை வெளியேற்றப் பொருத்தும் வடிகுழாய் எடுக்கப்படும்வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். மார்பக மறுசீரமைப்பு செய்துகொண்டவர்கள் அறுவை மருத்துவர் சொல்லும் கட்டுப்பாடுகளையே பின்பற்ற வேண்டும்.

மருத்துவர் அனுமதித்தபின், சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் படிப்படியாக மேலேறுங்கள். தசை இழுபடுவதாக உணர்ந்தால் அங்கே சில நொடிகள் நின்று, மூச்சை அடக்காமல், மெதுவாக இறங்குங்கள். இழுவை இருக்கலாம், சுருக்கென்ற வலி இருக்கக்கூடாது. ஒரு வேளைக்கு 5 முறை, நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை செய்யுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் படுத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

படி 3: நடை

சமதளத்தில் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். கீமோதெரபிக்கு அடுத்த சில நாட்களில் நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பாதம் மரத்துப்போனவர்களுக்குத் தடுமாறி விழும் அபாயம் இருப்பதால், நிலையான உடற்பயிற்சி சைக்கிள் பாதுகாப்பானது.

படி 4: எடை தூக்குதல்

பலரும் அஞ்சித் தவிர்ப்பது இதைத்தான். அக்குளின் நிணநீர் முடிச்சுகள் நீக்கப்பட்டால் அந்தக் கையில் வீக்கம் வரலாம் என்பதால், எடையே தூக்கக்கூடாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு இந்தக் கருத்தை அசைத்தது: எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் மற்றவர்களைவிட அதிகரிக்கவில்லை, அது திடீரெனத் தீவிரமாகும் நிகழ்வுகளும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. அது மேற்பார்வையுடன் தொடங்கப்பட்ட பயிற்சி என்பதையும் மறக்கக்கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அரை கிலோ டம்பெல்லைத் தூக்கி முழங்கையை மடக்குவது ஆகிய மூன்றில் தொடங்கலாம். ஒவ்வொன்றையும் 10 முறை, வாரத்தில் 2 நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி விட்டுச் செய்யுங்கள். கை வீக்கம் உள்ளவர்கள், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிவது பற்றிப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். மறுநாள் கை கனக்கிறதா, மோதிரமோ சட்டைக் கையோ இறுகுகிறதா என்று பாருங்கள். எந்த மாற்றமும் இல்லாவிட்டால் மட்டும், ஓரிரு வாரம் கழித்து எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகளால் மூட்டுவலி வருபவர்களுக்கு, நடையும் எடைப்பயிற்சியும் சேர்ந்து அந்த வலியைக் குறைப்பதாகவும் ஆய்வு காட்டியுள்ளது.

எப்போது நிறுத்துவது?

காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், எலும்பில் புதிய வலி, கையில் திடீர் வீக்கமோ சிவப்போ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். கையில் மருந்து செலுத்தும் குழாய் பொருத்தப்பட்டிருக்கும்வரை நீச்சலைத் தவிர்க்க வேண்டும்.

சுறுசுறுப்பாக இருப்பவர்கள் நீண்ட காலம் வாழ்வதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றில் பல, மக்களின் பழக்கத்தைக் கவனித்து மட்டும் பதிவுசெய்த கண்காணிப்பு ஆய்வுகள்; உடல்நலம் நன்றாக இருப்பவர்களே அவற்றில் அதிகம் நடந்திருக்கக்கூடும். எனவே உடற்பயிற்சியை மருந்துக்கு மாற்றாக எண்ண வேண்டாம்.

சிகிச்சையின் இடையே ஒரு வாரமோ இரண்டு வாரமோ பயிற்சி விட்டுப்போவது இயல்பு. மீண்டும் தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடராமல், எடையையும் நேரத்தையும் ஒரு படி குறைத்துத் தொடங்குங்கள்.